டிராஃப்டில் பெயர் வரவில்லை, என்.ஹெச்.எல். கனவு கலைந்ததா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இங்கே ஒரு கல்லூரியின் முதல் பிரிவு ஐஸ் ஹாக்கி அணியில் மூன்றாம் ஆண்டு டிஃபென்ஸ்மேன் (தற்காப்பு ஆட்டக்காரன்). வலக்கை ஆட்டக்காரன். இந்த சீசனில் 2 கோல், 9 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்கு வழிசெய்த பாஸ்). என்.ஹெச்.எல். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் அவனை எடுக்கவில்லை. இப்போது ஒரு ஏஜென்ட், "படிப்பை விட்டுவிட்டு வா, ஏ.ஹெச்.எல். (என்.ஹெச்.எல்.லுக்கு அடுத்த படியில் உள்ள லீக்) அணியில் சேர்த்துவிடுகிறேன்" என்கிறார். பட்டம் வாங்கிவிட்டுப் போகட்டும் என்கிறார் என் கணவர். அப்பாவும் பிள்ளையும் பேசி இரண்டு வாரமாகிறது. அவனுக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா?
— ஒரு தாய், மிச்சிகன்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கசப்பான கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்.லில் 32 அணிகள். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வழக்கமாக இறக்குவது 6 டிஃபென்ஸ்மேன்களை. ஆக மொத்தம் 192 இடம். கனடாக்காரரும் ஸ்வீடன்காரரும் பின்லாந்துக்காரரும் அதற்குத்தான் மோதுகிறார்கள். உங்கள் மகன் ஆடும் கல்லூரிப் பிரிவில் மட்டும் 60க்கு மேற்பட்ட அணிகள். அணிக்கு ஏழெட்டு டிஃபென்ஸ்மேன்கள் என்றால் நானூறைத் தாண்டிவிடுகிறது. இன்று என்.ஹெச்.எல்.லில் ஆடுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கல்லூரி வழியாக வந்தவர்தான். ஆனாலும் கதவு குறுகலானது.

நான் சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் நீண்ட கடிதத்தில், டிராஃப்டில் பெயர் வராததை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தத்தை விட்டுவிடுங்கள். டிராஃப்ட் என்பது 18, 19 வயதுப் பையன்களைப் பார்த்துப் போடும் ஊகம். டிஃபென்ஸ்மேனோ தாமதமாகப் பழுக்கும் பழம். பின்னோக்கிச் சறுக்கியபடியே எதிராளியின் தோளையும் பக்கையும் (பனியில் ஓடும் ரப்பர் வட்டு) ஒருசேரப் படிக்கும் வித்தை ஆடி ஆடித்தான் கைவரும். பிரையன் ரஃபால்ஸ்கியை யாரும் டிராஃப்டில் எடுக்கவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு, பிறகு ஸ்வீடனிலும் பின்லாந்திலும் நான்கு ஆண்டு ஆடிவிட்டு, 1999இல் 26 வயதில் நியூ ஜெர்சி அணிக்கு வந்தார். முதல் சீசனிலேயே என்.ஹெச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை! உங்கள் மிச்சிகனிலேயே படித்த டோரி க்ரூகும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர்தான். 2012இல் பாஸ்டன் அணியில் கையெழுத்திட்டார்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. டிராஃப்டில் எடுக்கப்பட்ட கல்லூரிப் பையன், எடுத்த அணிக்குக் கட்டுப்பட்டவன். அந்த அணியின் உரிமைக் காலம் முடியும்வரை காத்திருந்தால்தான் விடுதலை. உங்கள் மகனுக்கு அந்தக் கட்டு இல்லை. வலக்கை டிஃபென்ஸ்மேன்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. எந்த அணியில் வலப்பக்கம் காலியாக இருக்கிறதோ, அந்த அணியோடு அவன் பேசலாம்.

கோலும் அசிஸ்டும் சேர்த்து 11 புள்ளிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கேல் மகாரும் ஆடம் ஃபாக்ஸும் குவின் ஹியூஸும் கல்லூரி வழியாக வந்து, சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை வாங்கியவர்கள்தான். அவர்கள் வேறு ரகம். கோல் அடிக்கும் வேலைக்கு அணிகளிடம் ஆள் இருக்கிறது. டிஃபென்ஸ்மேன்கள் இருவர் இருவராகத்தான் இறங்குவார்கள்; உங்கள் மகனைப் போன்றவருக்குக் கிடைக்கக்கூடியது மூன்றாவது ஜோடியில் ஓர் இடம். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஒரு கோல் முன்னிலையில் கடைசி ஒரு நிமிடம். எதிரணி கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்குகிறது. அப்போது பயிற்சியாளர் உங்கள் மகனை அனுப்புகிறாரா? அனுப்பினால், அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகளின் கண்ணிலும் அது பட்டிருக்கும். ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே ஆண்டு ஆடிய கிறிஸ் டானெவை 2010இல் வான்கூவர் எடுத்ததும் கோலுக்காக அல்ல. ஷாட்டுக்குக் குறுக்கே விழுந்து தடுப்பதற்குப் பேர்போனவர் அவர்.

இனி அந்த ஏஜென்ட். அவர் பேசுவது என்.ஹெச்.எல். அணியின் ஒப்பந்தமா, வெறும் ஏ.ஹெச்.எல். ஒப்பந்தமா என்று கேளுங்கள். வார்த்தையாக வேண்டாம், தாளில் வேண்டும். என்.ஹெச்.எல். ஒப்பந்தம் என்றால் நான் உங்கள் மகன் பக்கம். பட்டத்தைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். வெறும் ஏ.ஹெச்.எல். என்றால் அவசரம் என்ன? கையெழுத்துப் போட்டதும் கல்லூரி ஆட்டம் முடிந்துபோகும். மேலே இருக்கும் என்.ஹெச்.எல். அணிக்கோ அவனிடம் எந்தக் கடமையும் இல்லை. நான்காம் ஆண்டு சீசன் முடிந்த மார்ச்சில், அமெச்சூர் டிரையவுட்டாக (ஆடிக்காட்டும் தற்காலிக வாய்ப்பு) அதே ஏ.ஹெச்.எல். கதவைத் தட்டலாம். எதில் கையெழுத்திடும் முன்பும் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் காட்டிவிடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதும் முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். 2025 ஆகஸ்ட் முதல் கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகளில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வரலாம் என்றாகிவிட்டது. உங்கள் மகனின் இடத்துக்கு அடுத்த ஆண்டு ஓர் ஆல்பர்ட்டா பையன் வந்து நிற்கலாம். பட்டம் கிடைக்கும், ஆட்ட நேரம் கிடைக்காது என்ற நிலை வந்தால் என்ன செய்வது? பயிற்சியாளரிடம் மகன் நேராகக் கேட்கட்டும், "அடுத்த சீசனில் நான் எத்தனையாவது ஆள்?" என்று. ஆறுக்குள் என்றால் இருக்கட்டும். ஏழு என்றால் வேறு கல்லூரிக்கு மாறுவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். பக்கைப் பார்க்க வேண்டாம், மகனை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ரிங்க் வாசலில் நின்று, அவன் ஆடிய ஒரு ஷிஃப்டைப் (ஒருமுறை களமிறங்கி ஆடும் சிறு நேரம்) பற்றி மட்டும் கேட்கட்டும். பட்டத்தைப் பற்றி அன்றைக்கு வேண்டாம்.