பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும்: சேலம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பழைய வண்டிகளைப் பற்றியவைதான். மாருதி 800, எஸ்டேட் ஜீப், அம்பாசிடர் என்று ஊருக்கே பழைய நினைப்பு வந்துவிட்டது. ஆசையில் தப்பில்லை. ஆனால் கலர், சீட் கவர், மியூசிக் சிஸ்டம் பற்றியெல்லாம் விலாவாரியாக எழுதியவர்களில் பலர் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் பதில்களில் அந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா வைத்திருந்தது வெள்ளை மாருதி 800. ஆறு பேரை அடைத்துக்கொண்டு ஏற்காடு ஏறிய வண்டி அது. இப்போது கன்னங்குறிச்சியில் ஒருவர் 1998 மாடல், டிஎன் 27 நம்பர், ஒரே ஓனர் என்று விற்கிறார். வண்டி பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா சார்? (கோரிமேடு வாசகர்)

பதில்: பளபளப்புதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய விஷயம். இருபத்தைந்து வருடம் தாண்டிய வண்டி புதுசு மாதிரி மின்னுகிறது என்றால், ஒன்று ஓனர் கோயில் கட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லை போன மாதம் பட்டறையில் பட்டி பூசி பெயின்ட் அடித்திருக்க வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ் ஓரம், பின் சக்கரத்துக்கு மேல் இருக்கும் வளைவு, இரண்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகரம் இல்லை, பட்டிதான். அப்புறம் டிரைவர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கி, அடியில் இருக்கும் ஃபெல்ட்டையும் விலக்கிவிட்டு, ஃப்ளோரை விரலால் அழுத்திப் பாருங்கள். பேட்டரி உட்காரும் தட்டு, ஜாக்கி போடும் இடம், முன் சஸ்பென்ஷன் மேலே வந்து முட்டும் இடம், இவை மூன்றும் துருப்பிடித்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம், அரித்துப்போன பாடியை ஒட்டுப் போட்டு ஓட்டுவது பெரிய பாடு. ஏற்காட்டிலேயே கிடந்த வண்டி என்றால் பனியிலும் ஈரத்திலும் அடிப்பக்கம் போயிருக்கும். சேலத்து வெயிலில் கிடந்தது என்றால் ரப்பரும் டேஷ்போர்டும் வெடித்திருக்கும். இரண்டில் எனக்குப் பின்னதே தேவலை.

இனி ஆர்சி. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1998 வண்டி என்றால் 2013, 2018, 2023 என்று மூன்று முறை புதுப்பித்திருக்க வேண்டும், இப்போது 2028 வரை செல்லுபடி காட்ட வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் இது தெரிந்துவிடும், கூடவே இன்சூரன்ஸ் தேதி, பழைய லோன் ஏதாவது இன்னும் ஏறி நிற்கிறதா என்பதும். 2023-லேயே விட்டுவிட்டார்கள் என்றால் செலவு உங்கள் தலையில்தான். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட்டிலிருந்து 10,000 ரூபாய், தாமதத்துக்கு மாதம் 500, ஆக இரண்டு வருடத் தாமதத்துக்கே 12,000 போய்விடும். பசுமை வரி, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) காட்டுவதற்கு முன் பட்டறைச் செலவு எல்லாம் தனி. விற்பவர் "அது சும்மா சார், போய்க் காட்டினா முடிஞ்சிடும்" என்றால், சரி, அவரையே காட்டி முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், அதற்கப்புறம் பணம் தாருங்கள்.

1998 மாடல் என்றால் கார்புரேட்டர், நாலு கியர், அதே 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை, தெரிந்த மெக்கானிக்கும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஆனால் இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் கார்புரேட்டர் கேஸ்கெட்டும் இதற்காகச் செய்தவை அல்ல, ஊறி இளகும், கசியும். வாங்கியவுடன் டேங்கிலிருந்து எஞ்சின் வரை பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை, ஆனால் சூடான எஞ்சினுக்கு மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது சாரதா காலேஜ் ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். அடிவாரம் போய் நாலைந்து கொண்டை ஊசி வளைவாவது ஏறுங்கள். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா, இரண்டாவது கியரில் மூச்சு வாங்குகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். டிஎன் 27 பிரிக்கப்படாத சேலத்தின் பழைய நம்பர், பார்க்க எனக்கும் பிடிக்கும். அதற்கென்று தனியாக விலை கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வீடு, சேலத்தில் வேலை. எலெக்ட்ரிக் கார் வாங்கினால் மலை ஏறியதும் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (ஒண்டிக்கடை வாசகர்)

பதில்: தீராது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ இருக்கும் காரை அவ்வளவு உயரம் தூக்க ஐந்தரை யூனிட் கரன்ட் போதும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. தூரத்துக்கும் விரயத்துக்கும் சேர்த்து ஒன்பது பத்து யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பவும் ஏறும்.

யாரும் சொல்லாத விஷயம் வேறொன்று. மலை மேல் வீட்டில் ராத்திரி முழுக்கப் போட்டு 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால், பேட்டரியில் இடமே இருக்காது, அதனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த வேகத்தைக் கரன்ட்டாக மாற்றும் ரீஜென் பெரும்பாலும் வேலை செய்யாது. இருபது வளைவுக்கும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவீர்கள். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேலைக்குப் போய் வர அது தாராளம்.

கேள்வி: தாத்தா வாங்கிய மஹிந்திரா ஜீப் எங்கள் காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. அவர் காலமாகி நாலு வருடம். ஆர்சி இன்னும் அவர் பேரில்தான். முதலில் பெட்ரோல் வண்டி, எப்போதோ டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். என் பேருக்கு மாற்ற முடியுமா? (நாகலூர் வாசகி)

பதில்: பேர் மாற்றுவது சுலபமான பாதி. ஓனர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும், மூன்று மாதம் வரை அதே பேரில் ஓட்டலாம், அதற்குள் படிவம் 31-ல் மாற்றலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது, அபராதத்தோடு போகட்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் இவற்றைத் தயார் செய்யுங்கள். சித்தப்பா, அத்தை எல்லோரும் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது, தோட்டப் பங்கு பேச்சு ஆரம்பித்தபின் ஜீப்புக்குக்கூடக் கையெழுத்துக் கிடைக்காது.

கஷ்டமான பாதி எஞ்சின். எஞ்சின் மாற்ற முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அது. பழைய ஆர்சி புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள், தாத்தா காலத்தில் பேனாவால் எழுதி முத்திரை போட்டிருக்கலாம். இருந்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் வண்டியை ஆய்வுக்குக் காட்டும்போது சேசிஸ் நம்பர் ஒத்துப்போகும், எஞ்சின் நம்பரும் எரிபொருளும் ஒத்துப்போகாது, அங்கேயே நின்றுவிடும். இந்த நிலையில் ரோட்டில் ஓட்டி விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கைவிரிக்க இந்த ஒரு காரணம் போதும். எனவே சரிசெய்யும் வரை தோட்டத்துக்குள் மிளகு மூட்டை ஏற்றுவதோடு இருக்கட்டும், கேட்டைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: போன வருடம் காரை ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், வாங்கியவர் பேரைக்கூட எழுதவில்லை. இப்போது ஹெல்மெட், சீட் பெல்ட், ஸ்பீடு என்று எனக்குச் சலான் வருகிறது. புரோக்கர் போனை எடுப்பதில்லை. (அம்மாப்பேட்டை வாசகர்)

பதில்: கார் விற்றவருக்கு ஹெல்மெட் சலான் எப்படி வந்தது என்று பாருங்கள், ஒன்று நம்பரைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள், இல்லை உங்கள் நம்பர் பைக்கிலும் ஓடுகிறது. அதை மட்டும் தனியாக ஆட்சேபியுங்கள்.

மற்றதற்கு வருவோம். நம் ஊரில் வண்டி விற்பது என்றால் பணம், சாவி, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் ஓனர். 2018-ல் உச்ச நீதிமன்றம், கைமாறிக் கைமாறிப் போன ஒரு காரின் விபத்து வழக்கில், எத்தனை பேரிடம் விற்றிருந்தாலும் ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சலான் ஆயிரம் இரண்டாயிரத்தோடு போகும். விபத்து வழக்கு வந்தால் லட்சக்கணக்கில் போகும்.

உடனே செய்ய வேண்டியது: ஆர்டிஓவுக்கு எழுத்தில் தகவல். விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 தர வேண்டும், நீங்கள் தாமதித்தாலும் தராமலே இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். பணம் வந்த வங்கி விவரம், புரோக்கருடன் பேசிய வாட்ஸ்அப், டெலிவரி அன்று எடுத்த போட்டோ எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காவல் நிலையத்திலும் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஃபாஸ்டேக் உங்கள் பேரில் இருந்தால் மூடுவதற்கு முன் அதன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓமலூர் டோலிலோ வேறெங்கோ வண்டி எந்த நேரம் கடந்தது என்று அதில் இருக்கும், ஆளைப் பிடிக்க உதவும்.

இனி விற்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் வண்டியை விட்டால், ஒப்படைத்த தகவலைப் பரிவாகன் தளத்திலேயே பதிந்துவிடலாம், அந்த நேரத்திலிருந்து பொறுப்பு வியாபாரியுடையது. சான்றைக் காட்டச் சொன்னதும் முகம் மாறுகிறவரிடம் பத்தாயிரம் அதிகம் கிடைத்தாலும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 42,000 கிலோமீட்டர் ஓடியது என்று சொல்லி ஹேட்ச்பேக் வாங்கினேன். கம்பெனி சர்வீஸுக்கு விட்டபோது, மூன்று வருடம் முன்பே 90,000 தாண்டியதாகப் பதிவு இருக்கிறது என்றார்கள். கடைக்காரர் "எங்களுக்கே தெரியாது" என்கிறார். (குகை வாசகர்)

பதில்: அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது இரண்டாவது. கிலோமீட்டரைச் சொல்லி விலை பேசியிருக்கிறார், அது போதும். சர்வீஸ் சென்டரிடம் அந்தப் பதிவை அச்செடுத்து வாங்குங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் தங்கம். முதலில் கடைக்கு ஒரு நோட்டீஸ், அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண், அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். இதே வண்டியைத் தெரிந்தவர் ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது, ஏனென்றால் அவர் வியாபாரி இல்லை.

மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரைப் பாருங்கள். 42,000 ஓடிய வண்டியில் கிளட்ச் பெடல் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்காது. டிரைவர் சீட்டின் கதவுப் பக்கத்து ஓரம் அமுங்கியிருக்காது. கிலோமீட்டரைக் குறைப்பவர்கள் இதையெல்லாம் மாற்ற மெனக்கெடுவதில்லை.

கேள்வி: 1972 அம்பாசிடர் எங்களிடம் உள்ளது. வின்டேஜ் நம்பர் வாங்கலாமா? (சூரமங்கலம் வாசகர்)

பதில்: ஐம்பது வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால் 2021 விதிப்படி 'விஏ' எழுத்துகளோடு தனி நம்பர் உண்டு, புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அதற்கப்புறம் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக, இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அதில்தான் போவோம் என்கிற குடும்பமாக இருந்தால் சாதா ஆர்சியையே புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதியில் தீய்ந்த வாடை வந்து பிரேக் பெடல் உள்ளே போய்விட்டது. அரை மணி நேரம் நிறுத்தியதும் சரியாகிவிட்டது. பேட் மாற்றினால் போதுமா? (சீலநாயக்கன்பட்டி வாசகர்)

பதில்: போதாது. பெடல் உள்ளே போனது பிரேக் ஆயில் கொதித்ததால். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது, ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துக் குமிழி விடும், குமிழியை எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. முழு ஆயிலையும் வடித்து, டப்பா மூடியில் எழுதியிருக்கும் ரகத்தைப் பார்த்துப் புதிதாக ஊற்றி, காற்று எடுக்கச் சொல்லுங்கள். இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்கு அப்புறம் பவர் பிரேக் கல்லாகிவிடும். அப்படி ஓட்டுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், புது ஆயில் ஊற்றும்வரை சாவியை ஒளித்து வையுங்கள், ஊற்றிய பிறகும்தான்.