ஓடும்போது வாட்ச் 172 காட்டுகிறதா?

கேள்வி: எனக்கு 52 வயது. தினமும் காலையில் அரை மணி நேரம் மெதுவாக ஓடுகிறேன். ஓடிக்கொண்டே பேச முடிகிறது. ஆனால் புதிதாக வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் ஐந்தே நிமிடத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 172 என்று காட்டுகிறது. "220இல் வயதைக் கழித்தால் 168, அதைத் தாண்டக் கூடாது" என்று ஜிம் பயிற்சியாளர் பயமுறுத்துகிறார். தெரிந்த இடத்தில் முழு இதயப் பரிசோதனை பேக்கேஜ் இருக்கிறதாம். எடுக்கட்டுமா?

பதில்: பேக்கேஜுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். நாளைக் காலை ஓடும்போது ஒரு நிமிடம் உங்கள் காலடிகளை எண்ணுங்கள். அதுவும் 170க்குப் பக்கத்தில் வந்தால், வாட்ச் பெரும்பாலும் உங்கள் காலடியைத்தான் துடிப்பென்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது எண்ணுகிறது. கையை வீசி ஓடினால் வாட்சும் ஆடும். அந்தக் குலுக்கலும் துடிப்பு மாதிரியே தெரியும். பட்டை தொளதொளவென்று இருந்தால் கேட்கவே வேண்டாம். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நழுவாதபடி கட்டுங்கள்.

அப்புறம், ஓட்டத்தை நிறுத்திய உடனே கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 33 வந்தால் 132. தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். ஓடும்போதே சரியான கணக்கு வேண்டுமென்றால், இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கும் நெஞ்சுப் பட்டை வாங்கலாம்.

220 கணக்கு வெறும் சராசரி. ஆரோக்கியமானவர்களுக்கே பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருப்பது சாதாரணம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்தே வராது. மாத்திரையே துடிப்பை அடக்கி வைக்கும். "இன்னும் 120தானே" என்று அவர்கள் வேகத்தைக் கூட்டினால் உடம்பு தாங்காது. இதை மாத்திரை எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் இடத்தில் யார் சொல்கிறார்கள்?

ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கும் என்று விற்கும் வாட்சுகளையும் நம்பாதீர்கள். அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இங்கே இன்னமும் கடைக்குக் கடை விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. பேக்கேஜுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்களுக்குக் கமிஷன் போவதும் ஊரறிந்ததுதான்.

விரலால் எண்ணியும் 170 வந்தாலோ, நாடி தாறுமாறாக அடித்தாலோ, ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தும் நெஞ்சு இறுக்கம் விடவில்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள். இசிஜி போதுமா, டிரெட்மில் சோதனை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.