பெட்டிகளுக்கு ஓர் அறை

கேள்வி: நாங்கள் லண்டனில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கள் வீட்டில் இருபது பேருக்குச் சமையல், எனக்குக் களைத்துவிட்டது. இந்த முறை மால்டாவுக்குப் பக்கத்தில் உள்ள கோசோத் தீவில், டிசம்பர் 21 முதல் எட்டு நாளுக்கு ஒரு பழைய கல்வீடு எடுத்திருக்கிறோம். மூன்று படுக்கையறை, ஒன்றில் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம். மாமா சித்திரையில் தவறிவிட்டார். மாமி பத்து நிமிடத் தூரத்தில் தனியாக இருக்கிறா. நெடுந்தீவில் பிறந்தவ, 71 வயது, முழங்கால் நோ. போன வருடம் எங்களோடு லூர்துக்கு வந்தவ. "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டா. ஆனாலும் மனம் உறுத்துகிறது. அங்கே குளிர் எப்படி? நடுச்சாமப் பூசை இருக்குமா? இந்த உறுத்தலை எப்படிப் போக்குவது?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: இந்தக் கடிதம் ஒவ்வொரு கார்த்திகையிலும் எனக்கு வருகிறது. போகிற ஊரின் பெயர்தான் மாறும். உறுத்தலைப் போக்க நான் மருந்து தரப்போவதில்லை. அது உறுத்தட்டும்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் கடிதத்தின் ஒரே ஒரு வரியை: "ஒன்றில் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம்." கட்டிலும் மெத்தையும் போட்ட ஓர் அறை, நாலு பேரின் பெட்டிகளுக்கு. அடுத்த வரியில் மாமா தவறியதை எழுதுகிறீர்கள். அதற்கடுத்த வரியில் மாமி தனியாக இருப்பதை எழுதுகிறீர்கள். எழுதும்போது உங்கள் கை நிற்கவில்லையா? இடமில்லை என்றிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். காசில்லை என்றாலும் அப்படியே. அறை இருக்கிறது, வாடகையும் கட்டியாயிற்று. ஒரு விமானச் சீட்டுதான் குறை.

"எனக்கென்ன" என்றது சம்மதம் அல்ல. "நீங்களும் வாங்கோ மாமி" என்று கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. நீங்கள் போவதாக அறிவித்தீர்கள், அவர் வழிவிட்டு நின்றார். வேறென்ன செய்வார்? நாற்பது ஐம்பது நத்தாரைக் கணவனோடு கொண்டாடியவருக்கு, அவர் இல்லாமல் வரும் முதல் நத்தார் இது. அந்த நாளில் தாயைத் தனியே விட்டுப்போகும் பிள்ளையை என்னால் ஏற்க முடியாது. உங்கள் கணவரைத்தான் சொல்கிறேன். கடிதம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் தாயைப் பற்றிய உறுத்தலைச் சுமக்க மனைவியை விட்டிருக்கிறார். இந்த ஞாயிறு அவரே போய்த் தாயின் முன்னால் உட்கார்ந்து கேட்கட்டும்.

முழங்காலைக் காரணம் காட்டாதீர்கள். அதே முழங்காலோடுதான் லூர்துக்கு வந்தார். லண்டனில் இருந்து மால்டாவுக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. சிர்கெவ்வாத் துறையில் இருந்து கோசோவின் இம்ஜார் துறைக்குக் கார் ஏற்றும் பெரிய கப்பல், 25 நிமிடம். போகும்போது காசு வாங்க மாட்டார்கள். திரும்பி வரும்போதுதான் கட்டணம். குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்கு அலையில் ஆடி ஆடி ஒரு மணி நேரம் போய் வந்தவருக்கு இது பெரிய கடலா? ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிசம்பரில் காற்றுப் பலமானால் கப்பல் தடைப்படும். விமானம் ஏறும் நாளில் நேரத்தை நெருக்கமாக வைக்காதீர்கள். அவரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டாம். இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேலையை இன்றே தொடங்குங்கள்.

அந்தப் பழைய கல்வீடுகளில் மேலே போகிற படி பெரும்பாலும் ஒடுக்கமாக வளைந்து ஏறும். கீழ்த்தளத்தில் படுக்கையறை உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். உண்டென்றால், அது எவ்வளவு பெரிய அறையானாலும் மாமிக்குத்தான். ஹீட்டர் எத்தனை, போர்வை எத்தனை என்றும் கேளுங்கள். பகலில் 16, 17 பாகைதான். லண்டன்காரருக்கு அது குளிரே இல்லை. ஆனால் சுண்ணாம்புக் கல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், இரவில் வீட்டுக்குள்தான் குளிரும். கடலில் குளிக்கும் எண்ணம் வேண்டாம். மழை பெய்யும். கோடையில் காய்ந்து கிடக்கும் தீவு அந்த மாதத்தில் பச்சையாக இருக்கும்.

பூசைக்குக் குறைவே இல்லை. மால்டாவிலும் கோசோவிலும் நடுச்சாமப் பூசையில் சின்னப் பிள்ளை ஒன்று மனப்பாடம் செய்து பிரசங்கம் சொல்லும். நூறு வருடத்துக்கு மேலான வழக்கம். வீட்டுக்கு வீடு, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் பாலன் கூடு. அதைச் சுற்றி வைக்க, நாலைந்து கிழமைக்கு முன்பே தட்டில் பஞ்சு நனைத்து விதை போட்டு இருட்டில் மூடிவைப்பார்கள். நம் கலியாணவீட்டு முளைப்பாலிகை போலத்தான், ஆனால் வெளிச்சம் படாததால் வெள்ளையாக நீண்டிருக்கும். பூசை முடிய, கஷ்கொட்டையும் கொக்கோவும் போட்டுக் காய்ச்சிய சூடான இம்புல்யூத்தா குடிப்பார்கள். அய்ன்சீலம் ஊரில் வயல்வெளியையே பெத்லகேம் ஆக்கி, ஊர்ச் சனமே ஆடுமாடுகளோடு வேடம் கட்டி நடிக்கும். இதையெல்லாம் பார்த்தால் உங்கள் வீட்டில் யார் அதிகம் மகிழ்வார் என்று ஒருமுறை யோசியுங்கள்.

இன்னொன்று. கோசோவின் வயல்களைச் சுற்றிச் சாந்தில்லாமல் அடுக்கிய கல்மதில்கள் ஓடும். நெடுந்தீவில் பவளக் கல்லை அதே மாதிரித்தான் அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். "அப்பம்மாவின் ஊர் எப்படி இருக்கும்" என்று பிள்ளைகள் கேட்டால் லண்டனில் நின்று எதைக் காட்டுவீர்கள்? அந்த மதிலோரம் அவர் கையைப் பிடித்து நடந்தால் அவரே சொல்வார். கோசோவில் இருந்தும் ஏராளமானோர் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். திரும்பிவந்து கட்டிய வீடுகளின் முகப்பில், "கடவுள் ஆஸ்திரேலியாவை ஆசீர்வதிப்பாராக" என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நின்று வாசிக்க மாமிக்குத் தெரியும்.

உங்கள் களைப்பை நான் மறுக்கவில்லை. இருபது பேருக்கு ஒருத்தி சமைப்பது அநியாயம், அதை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். ஆனால் நீங்கள் தப்பி ஓட வேண்டியது அந்த இருபது பேரிடம் இருந்து. மாமியைக் கூட்டிப்போய்க் குசினியில் விடவோ, பிள்ளைகளைப் பார்க்க வைத்துவிட்டு நீங்கள் இருவரும் வெளியே போகவோ எண்ணமிருந்தால் கூப்பிடவே வேண்டாம்.

முதலில் "வேண்டாம்" என்பார். இரண்டாம் முறை கேளுங்கள், சீட்டு எடுக்கத் தேதி கேட்பது போலக் கேளுங்கள். அதற்கும் உறுதியாக மறுத்தால், உங்கள் பயணத்தை 26க்கு மாற்றுங்கள். சனவரி 6, மூவிராசாக்கள் திருநாள் வரைக்கும் அங்கே கூடுகள் இருக்கும். நத்தார் மதியம் மாமி வீட்டிலேயே, ஐந்தே பேருக்கு, உங்கள் கணவர் சமைக்கட்டும்.