ஒலிப்பதிவு படிக்க எங்கே சேர்ப்பது?

அன்புள்ள ஐயா,

விருதுநகரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியலில் கெட்டிக்காரி. சினிமா ஒலிப்பதிவு படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியைப் போய்ப் பார்த்தோம். வரவேற்பறை முழுக்க நடிகர்களின் படங்கள். மூன்று வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் கேட்கிறார்கள். என் மைத்துனரோ, "படிப்பெல்லாம் எதற்கு, யாரிடமாவது உதவியாளராகச் சேர்த்துவிடுங்கள்" என்கிறார். கடன் வாங்கிச் சேர்க்கலாமா? இப்போதே ஒரு கேமரா வாங்கித் தரட்டுமா?

ஒரு தகப்பன், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடன் வாங்காதீர்கள். எதற்கும் அவசரப்படவும் வேண்டாம்.

இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலும் "டைரக்‌ஷன் படிக்க வேண்டும்" என்றுதான் இருக்கும். உங்கள் மகள் ஒரு துறையைப் பெயர் சொல்லிக் கேட்கிறாள். பாதி வேலை முடிந்துவிட்டது.

உங்கள் மைத்துனர் சொல்வது இயக்குநராக விரும்புகிறவர்களுக்குப் பொருந்தும். தமிழ் சினிமாவில் உதவி இயக்குநர் என்பதே ஒரு பள்ளிக்கூடம்தான். ஒலிக்கு அது சரிவராது. நம் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு வசனத்தை டப்பிங்கில்தான் பதிவு செய்கிறார்கள். படப்பிடிப்பில் எடுப்பது டப்பிங்குக்கு வழிகாட்டும் பைலட் டிராக் மட்டுமே. அதில் காற்று இரைந்தாலும், ஜெனரேட்டர் உறுமினாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே போய் நிற்கிற பெண் மைக் பிடிக்கப் பழகுவாள், கேட்கப் பழக மாட்டாள். எல்லா ஒலிகளையும் ஒன்றுசேர்க்கும் கலவை அரங்கிலோ புதியவர்களைக் கருவிகளின் பக்கம் அண்டவிடவே மாட்டார்கள். சம்பளம், நேரம், தங்குமிடம் எதற்கும் உத்தரவாதம் கிடையாது.

நல்ல கல்விக்கூடத்தில் முதல் பயிற்சி மிகச் சாதாரணமாக இருக்கும். ஒரே வசனத்தை ஓர் அடி தூரத்தில் வைத்த மைக்கிலும், ஆறு அடி தூரத்தில் வைத்த மைக்கிலும் பதிவு செய்ய வேண்டும். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி. ஹெட்போனில் கேட்டால் ஆறு அடிப் பதிவில் ஆளின் குரலைவிட அறையின் சுவர்கள்தான் அதிகம் பேசும். இதைத் தன் கையால் செய்து, தப்பாகச் செய்து, திரும்பச் செய்ய அவகாசம் தருகிற இடம்தான் வேண்டும்.

நான் சில காலம் பாடம் எடுத்த ஒரு தனியார் கல்லூரியில் விலையுயர்ந்த கேமரா கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் வெளியே வரும். ஆகவே எந்தக் கல்லூரிக்குப் போனாலும் உபகரண அறையின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் கருவியைக் கையெழுத்திட்டு வாங்கிப்போன தேதிகள் அதில் இருக்கும். முந்தைய ஆண்டு மாணவர்கள் எடுத்த குறும்படங்களையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். சுவரில் தொங்கும் நடிகர்கள் அங்கே படித்தவர்களா, ஆண்டு விழாவுக்கு வந்துபோனவர்களா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம், பொழுதுபோகும்.

இப்போதே சேர்க்க வேண்டுமென்றால் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். 1945இல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம், ஒலிக்குத் தனிப் பிரிவு உண்டு, கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர்தான். கட்டடங்களில் அரசு அலுவலகக் களை இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

ஆனால் என்னிடம் கேட்டால், பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்த்துவிட்டு, அடுத்து புனேயைக் குறிவைக்கச் சொல்வேன். பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960இல் தொடங்கிய மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி (எஃப்.டி.ஐ.ஐ.) அது. பட்டம் பெற்றவர்களைத்தான் மூன்றாண்டுப் படிப்புக்கு எடுப்பார்கள். ஒலிப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. 2009இல் ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி அந்தப் பிரிவிலிருந்து வந்தவர், கேரளத்தில் இயற்பியல் படித்துவிட்டுப் போனவர். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் அதே ஊரில் இருப்பதால் உலகப் படங்களை அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் வசதி உண்டு. மட்டக்களப்பிலிருந்து வந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்ததும் அங்கேதான். கொல்கத்தாவில் 1995இல் தொடங்கிய சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனமும் இதே தரம். புனேயில் ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்புகளும் இருக்கின்றன. செய்திச் சேனல் வேலைக்கு அது போதும், உங்கள் மகள் கேட்பதற்குப் போதாது.

புனே, கொல்கத்தா இரண்டு இடங்களிலும் துறைக்குச் சிலரைத்தான் எடுக்கிறார்கள். முதல் முறை கிடைக்காமல் போவது சகஜம், அதற்காக வீட்டில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. விதிகள் மாறலாம், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கேமரா வேண்டாம். கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்றும் வாங்கித் தாருங்கள். உங்கள் ஊர்ச் சந்தை, எண்ணெய்ச் செக்கு, உங்கள் பள்ளியின் மதிய உணவு நேரம் என்று அவள் பதிவு செய்யட்டும். நேர்முகத் தேர்வில் "எதைக் கேட்டாய்?" என்று கேட்டால் சொல்ல அவளிடம் ஏதாவது இருக்கும்.