மாடும் கொக்கும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே பொருளைப் பற்றியவை. உருவத்திலும் குணத்திலும் ஒட்டாத இரண்டு விலங்குகள் உயிர்த்தோழர்களாக வாழ்ந்து, நாளுக்கொரு வம்பில் மாட்டிக்கொள்ளும் நகைச்சுவைக் கார்ட்டூன் தொடர்களைப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பார்க்கிறார்கள். அவற்றைப் பற்றிப் பெரியவர்களும் அக்கறையோடு எழுதியிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கே இடம் தருகிறேன்.

கேள்வி: ஆசிரியர் ஐயா, எந்தத் தொடரைப் பார்த்தாலும் ஒரு விலங்கு பருத்து மெதுவாக இருக்கிறது, மற்றது சிறுத்துத் துடுக்காக இருக்கிறது. ஏன் எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கிறார்கள்?
(இல்லத்தரசி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, இதற்கு முதற்காரணம் நம் கண். திரையில் ஓர் உருவம் ஓடி மறையும் நேரம் மிகக் குறைவு என்பதால், அது யார் என்பதை வெறும் வெளிவடிவத்தைக் கொண்டே பிள்ளை அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஓவியர்கள் தாங்கள் வரைந்த பாத்திரத்தை முழுவதும் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பார்கள். கண், மூக்கு, நிறம் எதுவும் இல்லாத அந்த நிழலிலும் இரண்டு பாத்திரங்களும் குழப்பமின்றிப் பிரிந்து தெரிந்தால்தான் மேற்கொண்டு வரைவார்கள். குண்டும் ஒல்லியும், நெட்டையும் குட்டையும் இந்தச் சோதனையில் எளிதில் தேறிவிடுகின்றன.

இரண்டாவது காரணம் காலம், எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. கனமான விலங்கு தலையைத் திருப்பி முடிப்பதற்குள் இலேசான விலங்கு மூன்று முறை குதித்துவிடும். மேலிருந்து தேங்காய் விழும்போது சிறியது ஓடி ஒளிந்துவிட, பெரியது அப்போதுதான் அண்ணாந்து பார்க்கத் தொடங்குகிறது. நாம் சிரிப்பது தேங்காய்க்காக அன்று, அந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளிக்காக. இருவரும் ஒரே வேகத்தில் ஓடினால் அங்கே சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

தொலைக்காட்சியின் சிக்கனத்துக்கும் இதில் பங்கு உண்டு. வில்லியம் ஹன்னாவும் ஜோசஃப் பார்பெராவும் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் திரைப்பட நிறுவனத்தில் உருவாக்கிய டாம், ஜெர்ரி குறும்படங்கள் ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றவை. அவற்றில் பூனை எலியைத் துரத்தும் ஒவ்வோர் அடியும் நிதானமாக வரையப்பட்டது. 1957இல் அந்த நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியபோது இருவரும் தனியாகத் தொடங்கித் தொலைக்காட்சிக்குச் செய்த முதல் தொடரில், ஒரு பூனையும் ஒரு நாயும் நண்பர்களாக வந்தன. கையில் இருந்த பணமோ குறைவு. ஆகவே ஓவியங்களைக் குறைத்துப் பேச்சைக் கூட்டினார்கள். பகைவர்கள் ஓயாமல் ஓட வேண்டும், நண்பர்கள் நின்று பேசலாம் என்பதால், சின்னத்திரைக்கு நட்பு இயல்பாகவே பொருந்திப்போயிற்று என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து கதை சொல்வோம். சேராத விலங்குகள் சேர்ந்து வாழ்வது வெள்ளைக்காரர் கற்பனை என்று என் பேரனிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி?
(ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

பதில்: ஐயா, உங்கள் பேரன் சொல்வதே சரி. பஞ்சதந்திரத்தின் இரண்டாம் பகுதி முழுவதும் இதைப் பற்றியதுதான். தாண்டவராய முதலியார் தமிழில் தந்த நூலில் அதற்குச் சுகிர்லாபம், அதாவது நட்பைப் பெறுதல், என்று பெயர்.

வலையில் சிக்கிய புறாக்களை ஓர் எலி பல்லால் கடித்து விடுவித்ததைக் கண்ட காகம், அந்த எலியின் நட்பை நாடி வளை வாசலில் வந்து நிற்கிறது. நான் உனக்கு இரை, இரையும் தின்பவனும் எப்படி நண்பர்களாக முடியும் என்று எலி உள்ளே இருந்தபடியே கேட்கிறது. எவ்வளவு நேரான கேள்வி என்று பாருங்கள். காகம் பொறுமையாகப் பேசி அதன் நம்பிக்கையைப் பெறுகிறது. பிறகு எலியைச் சுமந்துகொண்டு பறந்து, குளத்தில் வாழும் தன் பழைய தோழனாகிய ஆமையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நான்காவதாக மான் ஒன்றும் வந்து சேர்ந்துகொள்கிறது. பறப்பது, வளை தோண்டுவது, நீந்துவது, ஓடுவது என்று நான்கும் நான்கு விதம்.

ஒரு நாள் மான் கண்ணியில் அகப்பட, காகம் எலியைத் தூக்கி வந்து கட்டை அறுக்கச் செய்கிறது. அந்த வேளையில் நண்பனுக்கு என்ன ஆயிற்றோ என்ற தவிப்பில், வர வேண்டிய தேவையே இல்லாத ஆமையும் தரையில் ஊர்ந்து வந்துவிடுகிறது. வேடன் வந்ததும் மற்ற மூவரும் தப்பிவிட, ஆமை மட்டும் பிடிபடுகிறது. உடனே மான் குளக்கரையில் செத்ததுபோல் கிடக்க, காகம் அதன் கண்ணைக் கொத்துவதுபோல் நடிக்க, வேடன் ஆமையைக் கீழே போட்டுவிட்டு மானை நோக்கி ஓடுகிறான். எலி ஆமையைக் கட்டிய கயிற்றை அறுக்கிறது, ஆமை நீருக்குள் இறங்குகிறது, மான் எழுந்து பாய்கிறது. இன்றைய கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு வேண்டிய அனைத்தும் இதில் இருக்கின்றன.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு மகிழ்ச்சி தரும். மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா பஞ்சதந்திரத்தை 1835இல் மலாக்காவில் மலாய் மொழிக்குக் கொண்டுவந்தார், அதுவும் தமிழிலிருந்து. இந்த மண்ணில் காகத்தையும் எலியையும் நண்பர்களாக மலாய் வாசகர்கள் படித்தது நம் மொழியின் வழியாகவும்தான் என்பதைப் பேரனிடம் சொல்லுங்கள். அவன் உங்களிடம் கதை கேட்க உட்காருவான்.

கேள்வி: நாயும் பூனையும் உண்மையிலேயே நண்பர்களாக முடியுமா?
(ஐந்தாம் ஆண்டு மாணவன்)

பதில்: முடியும், தம்பி. பூனைக்குட்டி பிறந்து இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரையிலும், நாய்க்குட்டி மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரையிலும் பார்த்துப் பழகும் உயிர்களை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும். வளர்ந்த பிறகு பழக்குவது கடினம், ஏனென்றால் இரண்டும் வாலால் பேசும் மொழி வேறு. நாய் மகிழ்ச்சியில் வாலை ஆட்டும். பூனை வாலை அடித்து வீசினால் அது எரிச்சலில் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: என் ஆறு வயது மகள் ஒரு தொடரைப் பார்க்கும்போது அழுதுவிட்டாள். அதில் கெட்டிக்கார விலங்கு தன் மந்தமான தோழனை எப்போதும் ஏமாற்றுகிறது. வகுப்பில் சில பிள்ளைகள் அந்த மந்தமான விலங்கின் பெயரைச் சொல்லியே அவளை அழைக்கிறார்களாம். இது கார்ட்டூன்தானே, விட்டுவிடு என்கிறார் என் கணவர். விட்டுவிடலாமா?
(ஒரு தாய், தோட்டக் குடியிருப்பு)

பதில்: விட்டுவிடக் கூடாது, அம்மா. உங்கள் மகள் அழுதது அவளுடைய பலவீனத்தால் அன்று. பெரியவர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றை அவள் கண்டுகொண்டாள்.

வேறுபாட்டைக் கண்டு சிரிப்பதும், ஒருவரை மட்டம் தட்டிச் சிரிப்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன கதையில் ஆமையின் மெதுநடைதான் எல்லாரையும் ஆபத்தில் தள்ளுகிறது. ஆயினும் வந்ததற்காக அதை எந்த நண்பனும் ஏளனம் செய்வதில்லை, அன்பினால் வந்தது என்று அறிந்து அதை மீட்கிறார்கள். நல்ல தொடர்களிலும் இதுவே நடக்கும். மந்தமான விலங்கு ஒரு நாள் தன் மந்தத்தாலேயே வெல்லும், அவசரப்பட்ட விலங்கு தன் அவசரத்தாலேயே குழியில் விழும், விழுந்ததைத் தூக்கிவிட மற்றது வரும். ஒரே விலங்கே எந்நாளும் அடிவாங்க, மற்றது எதையும் இழக்காமல் சிரித்துக்கொண்டிருந்தால், தொடரின் பெயரில் தோழர்கள் என்று எழுதியிருந்தாலும் அங்கே நட்பு இல்லை. அப்படிப்பட்ட தொடரை நான் என் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டமாட்டேன்.

நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து ஐந்தாறு பகுதிகளைப் பாருங்கள். ஏமாந்தவர் எப்போதாவது வெல்கிறாரா, ஏமாற்றியவர் வருந்துகிறாரா என்பதை அவளையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு தொடருக்கு மாறிவிடலாம். பட்டப்பெயர் விஷயத்தை வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சூட்டிய பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன் பேச வேண்டும். உங்கள் கணவரிடம் மகளின் அழுகைக்கான காரணத்தை மகளையே விளக்கச் சொன்னால் அவரும் புரிந்துகொள்வார்.

கேள்வி: ஐயா, நான் வரைகலை படிக்கிறேன். எங்கள் தோட்டத்து விலங்குகளைக் கொண்டு தமிழில் ஒரு தொடர் செய்ய ஆசை. எந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது, எங்கே தொடங்குவது?
(கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். மலேசிய அரசின் திரைப்பட நிறுவனமாக இருந்த பிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் உருவாக்கிய சருகுமான் கதை 1983இல் வெளிவந்தது. மலேசிய அசைவூட்டப் படங்களின் வரலாறு அதிலிருந்துதான் சொல்லப்படுகிறது.

உழைப்பின் அளவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பதினொரு நிமிடப் பகுதி ஒன்றுக்கு நொடிக்கு 24 சட்டகம் (திரையில் தோன்றும் தனித்தனிப் படம்) வீதம் 15,840 சட்டகங்கள் தேவை. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 7,920 ஓவியங்கள். ஆகையால் ஒரு நிமிடப் படத்தோடு தொடங்குங்கள்.

விலங்குகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) அடியில் மேயும் மாட்டையும் அதன் காலடியில் திரியும் உண்ணிக்கொக்கையும் நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைக் கொக்கு பிடித்துத் தின்கிறது. மாடு அவசரப்படுவதே இல்லை; கொக்கோ கழுத்தை நீட்டுவதும் சுருக்குவதுமாய் ஒரு நொடியும் ஓய்வதில்லை. உருவமும் வேகமும் இதைவிட நன்றாக எங்கே மாறுபடும்? இருவருக்கும் நம் தோட்டத்துப் பேச்சையே கொடுங்கள். மாடு தாத்தாமார் பேசும் நிதானத்தில் பேசட்டும், கொக்கு தமிழும் மலாயும் கலந்து படபடக்கட்டும்.

கவனிக்க இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் காணப்படும் உண்ணிக்கொக்குகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவை; பிறகு திரும்பிப் போய்விடும். அவை போன பின் மாடு யாரோடு பேசுகிறது, காலடியில் கிளம்பும் பூச்சிகளைப் பார்த்து என்ன நினைக்கிறது என்பதை வரைவதற்கு முன் இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள்.