ஐடி வேலையை விட்டுப் பாசி வளர்க்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. சென்னையில் ஐடி வேலை, 11 வருட சர்வீஸ். கையில் வருவது மாதம் 1,40,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 60,000. வேலையில் மனம் ஒட்டவில்லை. சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். அம்மா வடகடலில் (தீவின் வடபுறக் கடல்) கடல்பாசி வளர்க்கிறார், அவரோடு சேர்ந்து அதையே பெரிதாகச் செய்ய ஆசை. கணவர் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம், சம்பளம் 45,000. தாம்பரம் ஃபிளாட்டுக்குத் தவணை 38,000. டெபாசிட் 9 லட்சம், பிஎஃப் 14 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 11 லட்சம். டெபாசிட்டை வீட்டுக் கடனில் கட்டிவிட்டு, பிஎஃப் பணத்தைத் தொழிலில் போடலாமா?

பதில்: ஊருக்குப் போகலாம், சகோதரி. ஆனால் நீங்கள் சொல்லும் வழியில் வேண்டாம்.

ஊரில் வீட்டுச் செலவு 40,000 என்று வைப்போம். தவணையோடு 78,000. கணவர் சம்பளம் போக 33,000 துண்டு விழும். ஃபிளாட்டை 15,000 வாடகைக்கு விட்டால் துண்டு 18,000 ஆகக் குறையும், வருடத்துக்கு 2,16,000. பாசியில் ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் உங்கள் டெபாசிட் நான்கு வருடம் தாங்கும். அதைக் கடனில் கட்டிவிட்டால் அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்குப் புதுக் கடன் கிடைப்பதும் சிரமம். அதனால் டெபாசிட் அப்படியே இருக்கட்டும்.

தொழிலுக்கு முதல்? உங்கள் கடிதத்தில் கிராஜுவிட்டியை (வேலையை விடும்போது சர்வீஸுக்காகக் கம்பெனி தரும் பணிக்கொடை) காணோம். அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் 11 வருடத்தாலும் பெருக்கினால் சுமார் 3,80,000 வருகிறது. 20 லட்சம் வரை இதற்கு வரி கிடையாது. கடலில் இறக்கும் பணம் இது மட்டும்தான். பிஎஃப்பைத் தொடாதீர்கள், 58 வயது வரை வட்டி சேரும் (வேலையை விட்ட பின் சேரும் வட்டிக்கு வரி உண்டு). பிஎஃப்பின் ஓய்வூதியத் திட்டத்திலும் நீங்கள் 10 வருடம் உறுப்பினராக இருந்திருந்தால் 58 வயதில் ஓய்வூதியமும் உண்டு, அதைச் சரிபாருங்கள்.

இந்த 3,80,000-ஐயும் ஒரே மூச்சில் போட வேண்டாம். மூங்கில் மிதவையில் கட்டிய பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும் என்பதைப் பார்த்து, வருடத்துக்கு எட்டு அறுவடை என்று கணக்குப் போட்டுவிடத் தோன்றும். அம்மாவைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவத்தில் வடகடல் கொந்தளிக்கும், மிதவைகள் உடையும். கோடையில் தண்ணீர் சூடேறினால் பாசி அழுகும். விதைப்பாசி போனால் அடுத்த சுற்றுக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பச்சையாகப் பத்து கிலோ எடுத்தால், காய்ந்த பின் ஏறக்குறைய ஒரு கிலோதான் நிற்கும். அந்த ஒரு கிலோவுக்கு விலை சொல்வது வாங்குகிறவர், நீங்கள் அல்ல. ஆகவே வருடத்துக்கு நான்கு அறுவடை என்று மட்டும் திட்டமிடுங்கள். முதல் வருடம் இந்தப் பணத்தில் பாதியைப் போட்டால் போதும். மத்திய மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்குத் திட்டம் நிர்ணயிக்கும் செலவில் 60 சதவீதம் வரை மானியம் சொல்லப்பட்டிருக்கிறது. விண்ணப்பியுங்கள், ஆனால் வங்கிக் கணக்கில் ஏறும்வரை அதை வரவாக எழுதாதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி பொதுவாக நீங்கள் வேலையை விடும் நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவும் அதில்தான் இருக்கிறார்கள் என்றால், பெரிய சிகிச்சைக்கு மதுரை வரை ஓடும் ஊரில் அவர்களைக் காப்பீடு இல்லாமல் வைப்பதாகிவிடும். புதிதாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு இருக்கலாம். கம்பெனியின் குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு, குழுவில் இருந்த காலமும் கணக்கில் சேரும். அதற்கு வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பிரீமியத்தை மாதச் செலவில் சேர்த்துத் துண்டை மறுபடி கணக்கிடுங்கள், நான்கு வருடம் மூன்றரையாகக் குறையலாம், பரவாயில்லை.

மியூச்சுவல் ஃபண்ட் பிள்ளைகளுக்கும் உங்கள் முதுமைக்கும், எஸ்ஐபி (மாதாமாதம் போடும் தொகை) நின்றாலும் யூனிட்டுகளை விற்க வேண்டாம். புதிய பாலிசி கைக்கு வந்த பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள். புயல் மாதங்கள் கழிந்து ஜனவரியில் ஊரில் இருப்பதுபோல நோட்டீஸ் காலத்தைப் பின்னோக்கி எண்ணி நாளைக் குறியுங்கள்.