கண்ணால் கண்டதை நம்பும் உரிமை

அன்புள்ள ஐயா,

எண்பது வயதைத் தாண்டிய என் தந்தையை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் எதிரே நிற்கும்போதே, அவர் உயிருடன் இருப்பதற்கான சான்றிதழ் எங்கே என்று கேட்டார் எழுத்தர். வீடு திரும்பினால், மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்க்காமல் செல்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறான் என் மகன். படிப்பு இவ்வளவு பெருகியும் நடைமுறை அறிவு ஏன் மங்கிப்போனது? இதைப் பள்ளியில் ஒரு பாடமாகவே வைத்துவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மகனை விட்டுவிடுங்கள். மாலையில் குடை தேவைப்படுமா என்பதை ஜன்னல் சொல்லாது. வெளியே கொட்டும்போது, மழையில்லை என்று செல்பேசி காட்டுவதை நம்பி அவன் நனைந்துகொண்டே போனால், அப்போது கவலைப்படலாம்.

என்னை உறுத்துவது அந்த எழுத்தர்தான். உங்கள் தந்தை உயிரோடிருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவர் கண்ணால் கண்டது கோப்பில் ஏறாது. தாளில்லாமல் அனுமதித்தால் நாளைக்குத் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முதியவரைத் திருப்பி அனுப்பினால் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. பல ஆண்டுகள் இப்படியே வேலை பார்த்தவர், எதிரே நிற்பவரின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதையே விட்டுவிடுவார். புத்தியும் புழங்காவிட்டால் துருப்பிடிக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சலகங்களில் நடந்ததைப் பாருங்கள். 1999 முதல் அங்கே ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அதன் பிழைகளால் இல்லாத பற்றாக்குறைகள் திரையில் தோன்றின. ஊரே நம்பிய அஞ்சலகப் பொறுப்பாளர்கள் மீது திருட்டு வழக்குகள் பாய்ந்தன. 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், பலர் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டி ஓட்டாண்டியானார்கள். இத்தனை நேர்மையானவர்கள் ஒரே காலத்தில் எப்படித் திருடர்களானார்கள்? இதைக் கேட்கக் கணினி அறிவு வேண்டியதில்லை. ஆனால் உதவி கேட்டு அழைத்த பலரிடம், உங்களுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று சொல்லப்பட்டது. எதிர்ச்சான்று இல்லாதவரை கணினி சரியாகவே இயங்கியதாகக் கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டத்தின் நிலைப்பாடு. வழக்குத் தொடுத்தவர்களில் முட்டாள்கள் யாரும் இல்லை. திரையைச் சந்தேகிப்பது அவர்களில் எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். 2024-இல் தனிச்சட்டம் இயற்றித்தான் அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்ய வேண்டியிருந்தது. அதற்குள் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

விதிகளைத் தூக்கியெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதிகாரியின் விருப்பத்துக்கு எல்லாவற்றையும் விட்டிருந்த காலத்தில் ஆள் பார்த்துத்தான் வேலை நடந்தது. செல்வாக்கில்லாதவருக்கு எழுதப்பட்ட விதிதான் ஒரே பிடிமானம். ஆகவே விதி இருக்கட்டும். அதை மீற நேரும்போது, காரணத்தை எழுதிக் கையெழுத்திடும் உரிமையும் எழுத்தருக்கு இருக்கட்டும். அந்தக் கையெழுத்துக்காக அவரைத் தண்டிக்காத ஒரு மேலதிகாரியும் வேண்டும். இரண்டாவது கிடைப்பதுதான் கடினம்.

பள்ளிப் பாடமாக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. அதற்கும் விடைக்குறிப்பு வந்துவிடும். மாணவர்கள் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்குவார்கள். அதைவிட, வீட்டில் ஒரு செலவையோ பயணத்தையோ முழுக்க உங்கள் மகன் பொறுப்பில் விடுங்கள். தவறினால் குறுக்கே விழாதீர்கள்.

அந்த அலுவலகத்தின் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத்தரைக் குறைகூற வேண்டாம். உரியவர் அடையாள அட்டையுடன் நேரில் வந்தால் உயிர்ச்சான்று தேவையில்லை என்ற ஒரே வரியை விதியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.